எட்ஜோயாவின் வளர்பிளவுகள்: டெல்டாவின் பாரமும் ஆழத்துப் பழைய முறிவுகளும்

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தென்கிழக்கில் இருக்கும் எட்ஜோயா தீவில் குடியிருப்பு ஏதும் இல்லை. பரப்பு ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் கணிசமான பகுதியைப் பனிமூடி மறைத்திருக்கிறது. 1973 முதல் இந்தத் தீவு இயற்கைக் காப்பகம். தீவின் தென்மேற்கு முனைக்குக் குவால்பின்டன் என்று பெயர். அங்கே கடலை ஒட்டி எழும் செங்குத்தான பாறைமுகம் கிலோமீட்டர்கணக்கில் நீள்கிறது. மரமோ மண்ணோ மறைக்காததால் அடுக்குகள் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும். அடியில் கறுத்த களிப்பாறை, அதற்குமேல் சாம்பல் நிறக் களிப்பாறை, உச்சியில் மணற்கல். நடுப்பகுதியில் அடுக்குகள் ஒழுங்கு குலைந்து துண்டுதுண்டாக உடைந்திருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அந்த உடைசல்களை மூடிக் கிடக்கும் மேல் மணற்கல்லில் பெரும்பாலும் கலக்கமே இல்லை. 1976-இல் மார்க் எட்வர்ட்ஸ் இந்தப் பாறைமுகத்தை விவரித்து எழுதியபோது, எண்ணெய்க் கிணறுகளிலும் அதிர்வலைப் படங்களிலும் மறைமுகமாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஒருவகைப் பிளவு கண்ணெதிரே கிடைத்தது. அந்தப் பிளவுகள் ஏன் உண்டாயின என்பதில் இருதரப்பு வாதம் தொடர்கிறது. இந்த வண்டலைக் கொண்டுவந்து சேர்த்த பழைய டெல்டா தன் பாரம் தாங்காமல் சரிந்தது என்பது ஒரு தரப்பு. அடியிலுள்ள பூமியோடு அசைந்தது என்பது மறு தரப்பு. பாறைமுகத்தின் சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் இரண்டும் நடந்திருக்கின்றன என்றும், இரண்டும் சந்தித்த இடம் அடியிலுள்ள கறுத்த களிப்பாறையின் இறுகிய மேற்பகுதிதான் என்றும் எனக்குப் படுகிறது. அப்படியானால், எட்ஜோயாவும் அடங்கிய டிரையாசிக் காலப் பேரன்ட்ஸ் படுகை அசைவற்ற படுகை என்ற நெடுநாள் கருத்தைக் கைவிடவேண்டியிருக்கும்.

முதலில் இந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். டிரையாசிக் காலத்தில் இந்தப் பகுதி இன்றைய துருவ அட்சத்தில் இல்லை; சுமார் 55 முதல் 60 பாகை வட அட்சத்தில், பாஞ்சியா பெருநிலத்தின் வடவிளிம்புக் கடலாக இருந்தது. அந்தக் கடலின் அடியில், நடு டிரையாசிக் காலத்தில், ஆக்சிஜன் குறைந்த நீருக்குக் கீழே கரிமப்பொருள் செறிந்த சேறு மெல்லமெல்லப் படிந்தது. போட்னேஹெயா படிவம் என்று வழங்கப்படும் அந்தக் கறுத்த களிப்பாறையில் பாஸ்பேட் முண்டுகளும், டவோனெல்லா என்ற தட்டையான சிப்பிகளும், இக்தியோசர் எலும்புகளும் கிடைக்கின்றன. பிறகு, சுமார் 237 முதல் 227 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட கார்னியன் கட்டத்தில், தென்கிழக்கிலிருந்து ஒரு டெல்டா வந்து சேர்ந்தது. யூரல் மலைத்தொடர் தேய்ந்து தந்த மணலையும் களிமண்ணையும் சுமந்த ஆறுகள் பேரன்ட்ஸ் கடலைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தூர்த்துக்கொண்டே வந்தன. அதன் சமவெளி 16 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதுவரை அறியப்பட்ட டெல்டாச் சமவெளிகளில் இதுவே மிகப் பெரியது. இன்றைய கங்கை–பிரம்மபுத்திரா டெல்டா சுமார் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். டெல்டாவின் முன்னே கடலில் போய்த் தங்கிய சேறுதான் பாறைமுகத்தின் நடுவிலுள்ள செர்மாக்ஃபியெல்லெட் படிவம். அதன்மேல் ஏறி வந்த கடற்கரை மணலும் ஆற்றுமணலும் டெ யேர்டாலன் படிவம். தெற்கே இருக்கும் ஹோப்பன் தீவில் இதே படிவத்தின் ஆற்றுக் கால்வாய்கள் மணற்கல்லாக உறைந்து மலைச்சரிவுகளில் தெரிகின்றன.

இனி பிளவுகளுக்கு வருவோம். வண்டல் படிந்து பாறையான பிறகு உடைவது ஒன்று. படிந்துகொண்டிருக்கும்போதே உடைவது வேறொன்று. இரண்டாவது வகையே வளர்பிளவு. இதை அடையாளம் காண எளிய வழி, ஒரே அடுக்கின் தடிமனைப் பிளவின் இருபுறமும் அளப்பது. நிலையாக நின்ற பக்கத்தில் 4 மீட்டர் இருக்கும் மணல் அடுக்கு, இறங்கிய பக்கத்தில் 10 மீட்டர் இருந்தால், அந்த அடுக்கு படியும்போதே தரை கீழே போய்க்கொண்டிருந்தது என்று பொருள். லூயிசியானாவின் பிளவுகளைப் பற்றி 1963-இல் தோர்சன் முன்வைத்த இந்த விகிதம் இன்றும் அடிப்படை அளவுகோலாக இருக்கிறது. குவால்பின்டனில் இது கண்ணாலேயே தெரிகிறது. சில நூறு மீட்டர் அகலமுள்ள பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அடுக்குகள் பிளவை நோக்கித் தடித்தும் விலகும்போது மெலிந்தும் ஆப்பு வடிவில் கிடக்கின்றன. கீழே உள்ள அடுக்கு அதிகமாகவும் மேலே உள்ளது குறைவாகவும் சாய்ந்திருக்கிறது. பள்ளங்களை நிரப்பியிருப்பவை அலையேற்ற நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்த மணல்திட்டுகள். ஆகவே இவை ஆழ்கடல் பள்ளங்கள் அல்ல. மணல் வந்து சேரும் தூரத்தில் இருந்தவை. இந்தத் தடிமன் வேறுபாடும், மேல் மணற்கல் உடையாமல் மூடியிருப்பதும் சேர்ந்து, பிற்கால நிகழ்வுகள் இவற்றை உண்டாக்கினவோ என்ற ஐயத்தைத் தீர்த்துவிடுகின்றன. கிரெட்டேசியஸ் காலத்தில் இதே பாறைகளுக்குள் எரிகுழம்பு தகடுகளாகப் புகுந்தது. பின்னர் பேலியோஜீன் காலத்தில் அண்டைத் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரை நெருக்குண்டு மடிந்தது. நாம் பார்க்கும் வளர்பிளவுகளை அந்தப் பிற்கால நிகழ்வுகளின் விளைவாகச் சொல்ல முடியாது. மணல் படிந்த அதே கார்னியன் காலத்தில் அவை இயங்கின.

டெல்டா தானே சரிந்தது என்னும் விளக்கம் வலுவானது. அதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வதே முறை. நீர் நிறைந்த சேற்றின்மேல் மணல் வேகமாக ஏறும்போது, சேற்றின் நுண்துளைகளில் இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் மேலுள்ள பாரத்தைத் தானே தாங்கத் தொடங்குகிறது. துகளோடு துகள் உரசிப் பிடித்திருக்கும் வலிமை அந்த அளவுக்குக் குறைகிறது. துளைநீர் அழுத்தம் மேற்பாரத்தை நெருங்கினால் மிகமிகச் சிறிய சாய்விலும் பெரிய பாறைத்திரள் நகரும் என்று ஹப்பர்ட்டும் ரூபியும் 1959-இல் காட்டினார்கள். மிசிசிப்பி, நைஜர் டெல்டாக்களின் வளர்பிளவுகள் இப்படித்தான் விளக்கப்படுகின்றன. எட்ஜோயாவில் இதற்குத் துணைநிற்கும் சான்றுகள் உண்டு. பிளவுகளில் பல மேலே செங்குத்தாகத் தொடங்கி, கீழே போகப்போக வளைந்து, களிப்பாறை அடுக்குக்குள் படுத்து மறைந்துவிடுகின்றன. சிறிய பிளவுகளின் ஓரத்தில் மணல்துகள்கள் நொறுங்காமல் உருண்டு இடம்பெயர்ந்திருக்கின்றன. சில இடங்களில் மணல் நீர்போல ஓடியிருக்கிறது. கெட்டியான பாறையில் இப்படி நடக்காது. இன்னும் நுணுக்கமான சான்று, பிளவுகளை ஒட்டிய களிப்பாறையில் இருக்கும் கால்சைட் கீற்றுகள். கையில் எடுத்துப் பார்த்தால் கூம்புக்குள் கூம்பாகச் செருகிய அமைப்பும், படுகிடையான கீற்றுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் நார்நாரான படிகங்களும் தெரியும். படிகம் எந்தத் திசையில் நீண்டதோ அந்தத் திசையில் பாறை திறந்துகொண்டது என்று கொண்டால், மேலே இருந்த மொத்தப் பாரமும் மேல்நோக்கித் தூக்கப்பட்டிருக்கவேண்டும். படிகம் வளரும் விசையே அதைச் செய்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனாலும் பிளவுகளை ஒட்டியே அவை அடர்ந்திருப்பது, சேற்றுக்குள் மிகையழுத்த நீர் இருந்ததற்குப் பொருத்தமான அறிகுறி. ஆக, சேறு பலவீனமாக இருந்தது, வேகமாகப் பாரம் ஏறியது, சரிவு நடந்தது என்பவற்றில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு எழுவது திசையில். டெல்டா மேற்கு, வடமேற்கு நோக்கி முன்னேறியது; ஆழமான கடல் அந்தப் பக்கம்தான் இருந்தது. சரிவுதான் முழுக்காரணம் என்றால், பாறைத்துண்டுகள் கடல் ஆழமாகும் பக்கம் இறங்கியிருக்கவேண்டும். எட்ஜோயாவின் பிளவுகள் பொதுவாகத் தென்மேற்கிலிருந்து தென்கிழக்கு வரையான திசைகளில் இறங்குகின்றன. அதாவது, டெல்டா எந்தப் பக்கம் போனதோ அதற்குக் குறுக்காகவும் எதிராகவும் இறங்குகின்றன. பாரம் மட்டுமே காரணமாக இருந்த இடத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதல்ல.

இதற்கு இரண்டு பதில்கள் சொல்லப்படலாம், இரண்டும் அக்கறையோடு பரிசீலிக்கத் தக்கவை. நைஜர் டெல்டாவிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் நிலப்பக்கம் சாயும் பிளவுகள் இருக்கின்றனவே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அங்கே அவை கடல்பக்கம் சாயும் பெரும்பிளவுகளோடு சேர்ந்து, அடியிலுள்ள கிலோமீட்டர் தடிமனான உப்போ இளகிய களிமண்ணோ பிதுங்கி நகர்வதால் உண்டாகின்றன. எட்ஜோயாவின் செர்மாக்ஃபியெல்லெட் களிப்பாறை சில பத்து மீட்டரிலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் வரைதான் தடிமன் உள்ளது. அவ்வளவு மெல்லிய சேற்றால் அப்படிப் பிதுங்க முடியாது. மேலும் இங்கே எதிர்த்திசைப் பிளவுகள் துணைப்பிளவுகளாக இல்லை, அவைதான் முதன்மை. இன்னொரு பதில், டெல்டாவின் விளிம்பு நேர்கோடாக இருக்காது என்பது. ஒரு கிளையாற்றின் முகத்தில் மணல்நாக்கு தெற்கே வளைந்திருந்தால் அந்த இடத்துச் சரிவும் தெற்கே இருந்திருக்கும். தனித்த ஒரு பள்ளத்துக்கு இந்த விளக்கம் போதும். பள்ளத்துக்குப் பின் பள்ளமாக ஒரே பாங்கு திரும்பத்திரும்ப வரும்போது, ஒவ்வொன்றின் அருகிலும் வசதியாக வளைந்த ஒரு மணல்நாக்கைக் கற்பித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. அப்படிக் கற்பிப்பதைவிட, எல்லாப் பள்ளங்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அடியில் இருந்தது என்று கொள்வது நேரான வழி.

அந்தப் பொதுக்காரணத்தைக் காட்டுவதில் 2018-இல் கெய் ஒகாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட களஆய்வு திருப்புமுனை என்பேன். அவர்கள் எட்ஜோயாவின் பிளவுகளை அளவுக்கேற்ப மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இரண்டாம், மூன்றாம் படியைச் சேர்ந்த சிறிய வளைபிளவுகள் இளகிய சேற்றுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. முதல்படிப் பெரும்பிளவுகள் ஏறக்குறைய நேரான தளங்கள். அவை செர்மாக்ஃபியெல்லெட் களிப்பாறையோடு நிற்காமல், அடியிலுள்ள கறுத்த களிப்பாறையின் எல்லையையும் வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. என் பார்வையில் இதைவிட முக்கியமானது சிறிய பிளவுகள் தொடங்கும் இடம். அவை கண்ட இடத்தில் தொடங்கவில்லை. கீழே கரிமச்செறிவுள்ள களிப்பாறை ஏற்கெனவே சுண்ணாம்புப்பசை ஏறி இறுகியிருந்தது. அந்த இறுகிய அடுக்கு ஒருபக்கமாகப் படிபோல வளைந்திருக்கும் இடங்களுக்கு நேர்மேலேதான் சிறுபிளவுகள் முளைத்திருக்கின்றன. அப்படி வளைவதற்குக் காரணம், அடியிலிருந்து மேலேறி வந்து வெளியே தலைகாட்டாமல் நின்றுவிட்ட பிளவு. ஆழத்துப் பிளவு அசைகிறது, இறுகிய களிப்பாறை வளைகிறது, வளைந்த இடத்தில் அதற்குமேல் கிடக்கும் சேற்றின் சமநிலை குலைகிறது, சேறு வழுக்குகிறது, பள்ளம் விழுகிறது, பள்ளத்துக்குள் மணல் வந்து நிரம்ப, கூடும் பாரம் வழுக்கலை மேலும் தூண்டுகிறது. வேலையில் பெரும்பகுதியைச் செய்தது டெல்டாவின் பாரம்தான். அந்த வேலை எந்த இடத்தில், எந்தத் திசையில் நடக்கவேண்டும் என்பதை வகுத்தது ஆழம். இடையில் நின்ற அந்த இறுகிய களிப்பாறை இல்லாமல் போயிருந்தால் ஆழத்தின் சிறிய அசைவு முழுக்கச் சேற்றுக்குள் கரைந்து, மேலே சுவடே இல்லாமல் போயிருக்கக்கூடும். ஆக்சிஜனற்ற பழைய கடலடியில் மெதுவாகப் படிந்து, சீக்கிரமே இறுகிவிட்ட சேறு, பல மில்லியன் ஆண்டுகளுக்குப் பின் வந்த டெல்டா எங்கே உடையவேண்டும் என்பதைத் தீர்மானித்தது. கடல்வண்டலின் வேதியியலும் பிளவுகளின் இயக்கவியலும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கப்படுவதால், இந்தத் தொடர்பு இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் பிராந்திய அளவிலானது. பேரன்ட்ஸ் பகுதி கார்பானிஃபெரஸ் காலத்தில் இழுபட்டுப் பிளந்தது. பிறகு ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் மறுபடி பிளந்தது. இடைப்பட்ட டிரையாசிக் காலத்தில் வண்டலை வாங்கிக்கொண்டு மெல்ல அமிழ்ந்ததே தவிர வேறு அசைவில்லை என்பது பாடநூல் வரலாறு. அப்படியானால் ஆழத்துப் பிளவை எழுப்பிய விசை எங்கிருந்து வந்தது? விசை இருந்த இடம் கிழக்கே. யூரல் மோதலின் வடக்குத் தொடர்ச்சியாக நோவயா செம்லியா மலைப்பட்டை டிரையாசிக் பிற்பகுதியிலும் ஜுராசிக் தொடக்கத்திலும் நெருக்குண்டு மேற்கே தள்ளப்பட்டது. அது எட்ஜோயாவிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்றால், கண்ட மேலோடு அழுத்தத்தை வெகுதொலைவு கடத்தக்கூடியது என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கிறது. இந்தியா ஆசியாவோடு மோதியதன் விளைவாக, இமயமலைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் வடக்கே உள்ள தியான்ஷான் மலைத்தொடர் உயர்ந்தது. இங்கே தக்காணத்தின் நடுவில் 1993-இல் கில்லாரியை அழித்த நிலநடுக்கமும் அந்த மோதலின் நெருக்கத்தோடுதான் தொடர்புபடுத்தப்படுகிறது. மோதல் நெருக்கத்தைத்தானே தரும், எட்ஜோயாவில் தெரிவதோ இழுபடுதல் என்று கேட்கலாம். ஒரு திசையில் நெருக்கப்படும் மேலோடு அதற்குச் செங்குத்தான திசையில் விரிய இடம் தேடும். கிழக்கிலிருந்து வரும் நெருக்கத்துக்கு வடக்கு–தெற்காக விரிதல் இயல்பானது. தெற்கு நோக்கி இறங்கும் எட்ஜோயாப் பிளவுகள் காட்டுவதும் வடக்கு–தெற்கான விரிதலையே. பழைய பிளவுகள் மறுபடி உயிர்பெறுவதும் இந்தப் பிராந்தியத்துக்குப் புதிதில்லை. ஸ்பிட்ஸ்பெர்கனின் பில்லஃபியோர்டன் பிளவுமண்டலம் டெவோனியன், கார்பானிஃபெரஸ், பேலியோஜீன் என்று பல காலங்களில் திரும்பத்திரும்ப இயங்கிய ஒன்று. ஏற்கெனவே உடைந்த மேலோட்டை மறுபடி அசைப்பதற்குப் பெரிய விசை வேண்டியதில்லை. உடைந்த இடம் வழுக்கினால் போதும். 2013-இல் இங்ரிட் ஆனெலும் பிறரும், எட்ஜோயாவுக்குத் தெற்கே கடலில் எடுத்த அதிர்வலைப் படங்களை வைத்து, வடக்குப் பேரன்ட்ஸ் மேடை டிரையாசிக்கில் அமைதியாக இருக்கவில்லை என்று வாதிட்டது இந்தக் களச்சான்றுகளோடு பொருந்துகிறது.

அமைதி என்ற தீர்ப்பு வந்ததே கருவியின் வரம்பால்தான் என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். வடக்குப் பேரன்ட்ஸ் பகுதியில் கிலோமீட்டர்கணக்கான பாறை பின்னாளில் அரித்துப்போனது. இன்று மேலே இருக்கும் டிரையாசிக் பாறை ஒருகாலத்தில் ஆழத்தில் அமுங்கி இறுகியிருந்தது. ஆகவே ஒலி அதில் வேகமாகச் செல்கிறது. விநாடிக்கு 4000 மீட்டர் வேகமும் 30 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 133 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 மீட்டருக்குக் குறைந்த தடிமனைப் படம் பிரித்துக்காட்டாது. கெட்டியான கடலடித்தரை ஒலியைத் திரும்பத்திரும்ப எதிரொலித்துப் படத்தை இன்னும் கலங்கடிக்கிறது. குவால்பின்டனில் நாம் காணும் பள்ளங்களில் பல இந்தக் கருவிக்கு அகப்படாது. அகப்பட்டாலும் தெளிவற்ற கலங்கல் பட்டையாகவே விழும். பெரும்பிளவுகள் மட்டும் மெல்லிய வளைவாகத் தெரியும். பிளவு தென்படாத இடத்தில் பிளவே இல்லை என்று எழுதப்பட்ட வரலாற்றைப் பாறைமுகம் திருத்துகிறது. ஒரே ஒரு பாறைமுகத்தை வைத்துக்கொண்டு 16 லட்சம் சதுர கிலோமீட்டர் டெல்டாவைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. டெல்டா முழுவதும் இப்படி உடைந்தது என்பது என் வாதமல்ல. அடியில் பழைய முறிவும், அதன்மேல் இறுகிய களிப்பாறையும், அதற்குமேல் நீர் நிறைந்த சேறும் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்த்த இடங்களில் உடைந்திருக்கும் என்பதே வாதம்.

இந்த விவாதத்துக்குப் பண்டைய வரலாற்றைத் தாண்டியும் பயன் உண்டு. ஸ்வால்பார்டின் லாங்இயர்பியென் நகருக்கு அருகே அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கில், கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்க முடியுமா என்று ஆராய 2007-இல் தொடங்கித் துளையிட்டுப் பார்த்தபோது, இலக்காக இருந்த பாறைகளில் ஒன்று இதே டெ யேர்டாலன் மணற்கல். அந்தப் பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மேலுள்ள களிப்பாறை மூடி நன்றாகக் காக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். தெற்கே ஹம்மர்ஃபெஸ்ட் படுகையிலுள்ள ஸ்னோவிட் எரிவாயு வயலில் அனுபவம் வேறாக இருந்தது. 2008-இல் டூபோவன் படிவத்துக்குள் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் கணித்ததைவிட வேகமாக ஏறியது. 2011-இல் அதை நிறுத்தி, மேலேயுள்ள ஸ்டோ படிவத்துக்கு மாற்றினார்கள். பழைய ஆற்றுக் கால்வாய் மணலின் ஓரங்களும் பிளவுகளும் வாயு பரவ விடாமல் தடுத்ததே சிக்கல். அந்தப் பிளவுகள் எட்ஜோயாவின் பிளவுகளைவிடப் பெரும்பாலும் பிற்காலத்தவை என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டுவிடக் கூடாது. ஆனால் டெல்டா மணல் எங்கே தொடர்கிறது, எங்கே அறுபடுகிறது என்று முன்கூட்டிச் சொல்லவேண்டிய தேவை இரண்டிலும் ஒன்றுதான். வளர்பிளவு முழுக்க டெல்டாவின் வேலை என்றால் பழைய டெல்டா விளிம்புகளின் ஓரமாகத் தேடவேண்டும். நான் சொல்வதுபோல ஆழம் இடத்தை வகுத்திருந்தால், பேலியோசோயிக் முறிவுகளின் வரைபடத்தை முதலில் விரித்து, கறுத்த களிப்பாறை எங்கே இறுகியிருக்கிறது என்று அதன்மேல் குறித்துக்கொண்டு தேடவேண்டும். இரண்டு தேடல்களும் வெவ்வேறு இடங்களில் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்த வாதத்தைச் சோதிக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. எட்ஜோயாவுக்குத் தெற்கே கடலடியில் நெருக்கமான கோடுகளில், உயர் அதிர்வெண்ணில் முப்பரிமாண அதிர்வலைப் படம் எடுத்தால், கறுத்த களிப்பாறையின் மேல்தளம் படிபோல வளையும் கோடுகளை வரைந்துவிடலாம். வளர்பிளவுகள் அந்தக் கோடுகளின்மேல் குவிந்திருக்கவேண்டும். கோடுகள் அடியில் பழைய முறிவுகளோடு சேரவேண்டும். வளைவே இல்லாத இடங்களிலும் பிளவுகள் அதே அடர்த்தியில் இருக்குமானால், அல்லது வளைவுகளுக்குக் கீழே முறிவு எதுவும் இல்லாமல் போனால், சரிவுத் தரப்பே சரி என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அப்போது பிளவுகளின் எதிர்த்திசைச் சாய்வுக்கு வேறு விளக்கம் தேடுவது அந்தத் தரப்பின் பொறுப்பாகும்.